அருளப்பன் வாய் திறந்தால் பஸ் நிற்கும்

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பாத்திரக்கடை வைத்திருக்கும் குணவதி எழுதுகிறேன், நான் எழுதினால் நீளமாகத்தான் எழுதுவேன், ஏனென்றால் வாயால் பேசும்போது ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நான் படுகிற பாடு அந்தக் கழுகாசலமூர்த்திக்குத்தான் வெளிச்சம், எழுத்தில் அந்தப் பாடு இல்லை, அதனால் பேனாவைப் பிடித்தால் என்னை யாரும் நிறுத்த முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு ஒரு சங்கம் உண்டு. திக்கித் திக்கிப் பேசுகிறவர்களுக்கான சங்கம். வகுப்பில் ஒரு பிள்ளையை எழுப்பிவிட்டு வாத்தியார் அதன் பேச்சைப் போல் பேசிக் காட்டிச் சிரித்தார் என்று தெரிந்தால் அந்தப் பள்ளிக்கூடத்துக்கே போய் நிற்போம், வேலைக்கு நேர்காணல் என்றால் கூடப் போய் வாசலில் உட்கார்ந்திருப்போம். சம்பளம் கிம்பளம் ஒன்றும் கிடையாது, எல்லாம் நாங்களாக இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வதுதான். தலைவர் சாத்தான்குளத்தில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கும் தங்கப்பழம் அண்ணாச்சி. செயலாளர் நான். நிர்வாகக் குழுவில் நாகர்கோவில் அருளப்பன் உண்டு, மின்வாரியத்தில் லைன்மேன், கம்பத்தின் உச்சியில் யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதற்காகவே அந்த வேலைக்குப் போனவர். இன்னும் இரண்டு பேர் உண்டு, அவர்கள் எதைச் சொன்னாலும் சரி என்பார்கள், அவர்களை விடுங்கள்.

குழுக் கூட்டத்தை நாங்கள் போனில்தான் நடத்தினோம், அதுவும் டைப் அடித்து. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆளாளுக்கு ஒரு ஊரில் உட்கார்ந்துகொண்டு தட்டுவோம் பாருங்கள், அப்படி ஒரு தட்டு. வாய்ப்பேச்சில் பூனையாக இருக்கிற அத்தனை பேரும் அங்கே சிங்கம். தங்கப்பழம் அண்ணாச்சி ஒரு வரி போட்டால் நான் ஒன்பது வரி போடுவேன், அவர் கோபித்துக்கொண்டு குரூப்பை விட்டு வெளியே போவார், சோறு தின்றுவிட்டுத் திரும்ப வருவார். என் ஆயுசில் நான் தடங்கல் இல்லாமல் சண்டை போட்ட ஒரே இடம் அதுதான்.

அதில்தான் மண்ணள்ளிப் போட்டார் அண்ணாச்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை திடுதிப்பென்று எழுதினார்: "பிள்ளைகளைப் பாத்து, பயப்படாம வாயத் தொறந்து பேசுன்னு சொல்லுதோம். நாம ஒளிஞ்சு உக்காந்து தட்டுதோம். நல்லாவா இருக்கு? அடுத்த வாரத்துல இருந்து எல்லாரும் குரல்ல பேசுவோம்." எனக்கு வந்ததே கோபம். இந்த மனுசனுக்கு வாழைத்தார் ஏதாவது தலையில் விழுந்துவிட்டதா, இருக்கிற ஒரு நிம்மதியையும் பிடுங்குகிறாரே என்று விரல் வலிக்க வலிக்க ஒரு மறுப்பு அடித்துக்கொண்டிருந்தேன், முடிப்பதற்குள் அருளப்பன் எழுதினார். அவர் அதிகம் எழுதுகிறவர் இல்லை.

"எனக்குச் சம்மதம். என் மக அயர்லாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போறா. மாதா திருவிழா முடிஞ்சதும் கிளம்பிருவா. அவ பேரை நான் இதுவரை ஒருக்காகூடச் சொன்னதில்ல. அவ போறதுக்குள்ள ஒரே ஒரு தடவை அந்தப் பேரைச் சொல்லி அவளைக் கூப்பிடணும். உங்க முன்னாடி பேசிப் பழகினா வரும்னு ஒரு நம்பிக்கை. அவகிட்ட இதைச் சொல்லிராதீங்க."

நான் அடித்து வைத்திருந்ததை எல்லாம் அழித்தேன். அவளிடம் சொல்ல மாட்டோம் என்று மட்டும் எழுதினேன்.

அந்தப் பெண்ணின் பேர் பெர்பெத்துவா. அந்தப் பேருள்ள கிறிஸ்தவப் புனிதையின் திருநாளில் பிறந்ததால் அம்மா செலின் ஆசையாக வைத்த பேர். கோயிலில் ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்கு என்ன பேர் என்று சாமியார் அப்பனைப் பார்த்துக் கேட்க, இவர் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டு முகம் சிவந்து, நெற்றியில் நரம்பு புடைத்து நிற்க, பின்னால் இருந்த மாமியார் பொறுக்க மாட்டாமல் பட்டென்று சொல்லிவிட்டார். அன்றைக்கு வாய்க்குள் போன பேர் வெளியே வரவே இல்லை. மகளை அவர் "மக்களே" என்றுதான் கூப்பிடுவார், அந்த வார்த்தை அவருக்குத் தடங்கல் இல்லாமல் வரும். நாகர்கோவில் பக்கம் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் மக்களே, மீன் வாங்க வருகிறவளும் மக்களே, ஆட்டுக்குட்டியும் மக்களே.

முதல் குரல் கூட்டம் வந்தது. எங்கள் ஆட்கள் செய்த கூத்தைக் கேளுங்கள். மற்ற சங்கங்களில் எப்படி நடத்துகிறார்கள் என்று அண்ணாச்சி எங்கேயோ பார்த்து வைத்திருக்கிறார், அதே மாதிரி, "முதல்ல எல்லாரும் பேரைச் சொல்லி அறிமுகம் செய்துக்கலாம்" என்று ஆரம்பித்தார். திக்குகிறவனுக்கு உலகத்திலேயே கஷ்டமான சொல் அவன் சொந்தப் பேர்தான், மற்ற சொல் என்றால் அதை விட்டுவிட்டு வேறொன்றைப் போட்டுத் தப்பிக்கலாம், பேருக்கு எங்கே போவது? திக்குகிறவர்கள் சங்கத்தில் திக்குகிற ஐந்து பேர் உட்கார்ந்து முதல் வேலையாக இதை வைத்தோம், அதை யாரும் தப்பு என்றும் சொல்லவில்லை. முதல் ஆள் அருளப்பன். "அ..." என்றார். அங்கேயே நின்றார்.

அவர் நின்றபோது எங்கள் தெருவும் நின்றது. கடையில் மேல் தட்டிலிருந்து ஒரு பித்தளைக் குடம் நழுவி விழுந்துகொண்டிருந்தது, அது பாதி வழியில் அப்படியே நின்றது, நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி அதை எடுத்துத் திரும்ப இருந்த இடத்தில் வைத்தேன். மின்விசிறி நின்றது. எதிர் டீக்கடையில் மாஸ்டர் ஆற்றிய டீ மேல் டம்ளருக்கும் கீழ் டம்ளருக்கும் நடுவில் கயிறு மாதிரி தொங்கியது. அடுப்பில் தீ ஆடாமல் நின்றது. பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பிய சாத்தூர் பஸ் திரும்பினபடி நின்றது. மனுசர், மாடு, காக்காய், நாய், உயிருள்ளது எல்லாம் அதன் பாட்டுக்கு நடமாடிக்கொண்டிருந்தது, உயிரில்லாத சாமான் எல்லாம் காத்திருந்தது. போனில் அருளப்பனின் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு "...ருளப்பன்" என்று வந்தது, டீ கீழ் டம்ளரில் விழுந்தது, பஸ் உள்ளே போனது.

"என்னக்கா, கரண்ட் போயிட்டா?" என்று டீ மாஸ்டர் கேட்டார். இல்லை, நாகர்கோவிலில் ஒருத்தர் பேர் சொன்னார் என்றேன். அப்படியா என்று அவர் அடுத்த டீயைப் போட்டார்.

போனில் எங்களில் யாருக்குச் சொல் மாட்டினாலும் கேட்கிறவர்கள் ஊரில் இப்படித்தான் ஆயிற்று, நேரில் பேசும்போது மாட்டினால் ஒன்றும் நிற்காது. அண்ணாச்சிக்கு மாட்டினால் கொஞ்ச நேரம், எனக்குக் கோபம் வந்து மாட்டினால் இன்னும் கொஞ்ச நேரம். "குணவதி, நீ சண்டை போட்டா எம் மண்டியில காய் பழுக்க மாட்டேங்கு, கொஞ்சம் அடக்கி வாசி தாயி" என்று அண்ணாச்சி கெஞ்சுவார். ஆனால் நீளமாக நின்றது அருளப்பனுக்குத்தான், அவருடைய ஒரு சொல்லுக்குள் ஒரு ஆள் ஆற அமரத் தலை வாரிக்கொள்ளலாம்.

இது எப்படி நடக்கிறது என்று எங்கள் தெருவில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை, எப்போது நடக்கும் என்றுதான் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி என்று தெரிந்ததும் கண்டக்டர்கள் முதலில் கன்னாபின்னாவென்று திட்டினார்கள், பிறகு அந்த நேரத்துக்கு இறங்கிக் கால் நீட்டிக்கொண்டார்கள், போக்குவரத்துப் போலீஸ்காரர் கடைக்கு வந்து "இன்னைக்கு அருளப்பன் சார் பேசுவாரா, இல்ல தலைவர் மட்டுமா?" என்று விசாரித்துவிட்டுப் போய் நிழலில் நின்றார், முழங்கால் வலிக்காரர்கள் எல்லாரும் அந்த நேரம் பார்த்து அவசரம் இல்லாமல் ரோட்டைக் கடந்தார்கள், அடுப்பில் பால் வைத்த பெண்கள் பொங்கிவிடுமே என்ற பயம் இல்லாமல் வாசலில் வந்து உட்கார்ந்து கதை பேசினார்கள், பட்டம் விட்ட பிள்ளைகள் நூலை ஒரு கல்லில் கட்டிவிட்டு ஓடிப்போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்கள், மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை துளிகள் எல்லாம் அந்தரத்தில் நிற்க ஆட்கள் குனிந்து வளைந்து அவற்றின் ஊடே புகுந்து வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

அதோடு இன்னொன்றும் நடந்தது. காத்திருந்து காத்திருந்து எங்கள் தெருவுக்கே அது பழகிப் போயிற்று. வாரத்தின் மற்ற நாள்களிலும் யாராவது பேச்சில் தடுமாறினால் எடுத்துக் கொடுக்க மாட்டார்கள், வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள், "மெதுவா சொல்லுண்ணே, எங்க போகப்போறோம்" என்பார்கள். நான் ஒரு அண்டாவின் பேரைச் சொல்ல ஆரம்பித்தால் வாடிக்கைக்காரர்கள் சாவகாசமாகக் கடையைச் சுற்றிப் பார்ப்பார்கள். நாற்பது வயதுக்கு மேல் எனக்கு இப்படி ஒரு ராஜ மரியாதை. சந்தோஷமாக இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

மாட்டிக்கொண்ட சொல்லை இன்னொருவர் முடித்து வைக்கக் கூடாது என்பது எங்கள் சங்கத்தில் எழுதி வைக்காத சட்டம். அதை உடைத்தவள் பெர்பெத்துவா. ஒரு கூட்டத்தில் ஏதோ பள்ளிக்கூடத்துக்கு யார் போவது என்று பேச்சு வந்தது, அருளப்பன் "நா... நான் போயிட்டு வ..." என்று நிற்க, பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மகள் போனுக்குக் குனிந்து, "வாறேன்னு சொல்லுதாரு" என்றாள். அவ்வளவுதான். தானாக விடுபட்டால் எல்லாம் பூப்போல நகரும், இப்போது நின்றிருந்த அத்தனையும் ஒரே குலுக்காகக் குலுங்கியது, என் கடையில் ஒரு வரிசை எவர்சில்வர் தட்டு சரிந்தது, டீக்கடையில் பால் பொங்கி அடுப்பையே அணைத்தது.

"யா... யாரு ஒன்னய எடுத்துக் குடுக்கச் சொன்னா?" என்று கத்தினேன்.

அவள் பயப்படவில்லை. நல்ல வாய்தான். "பின்ன யாரு குடுப்பா அத்தை? ரேஷன் கடையில, ஆஸ்பத்திரியில, பஸ்ஸுல டிக்கெட் எடுக்கையில எல்லாம் சின்னப் பிள்ளையில இருந்து நான்தானே அவருக்கு வாயி? நான் போனப் பொறவு இவரு என்ன செய்வாருன்னு நினைச்சா எனக்கு உறக்கம் வரல்ல." குரல் இறங்கியது. "இத்தனைக்கும் அப்பா என்னை ஒரு நாளுகூடப் பேரு சொல்லி விளிச்சதில்ல. ஊருக்கெல்லாம் மக்களே, எனக்கும் மக்களே. அம்மை வச்ச பேரு அவருக்குப் பிடிக்காது போல. நானும் கேட்டதில்ல."

அருளப்பன் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். அவர் பேச முயலக்கூட இல்லை என்பது எங்கள் தெருவில் எல்லாம் ஓடிக்கொண்டிருந்ததிலேயே தெரிந்தது. எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, அடி பைத்தியமே, பிடிக்காமல் இல்லை, அதைச் சொல்லத்தான் உன் அப்பன் வாராவாரம் மூச்சு முட்டிச் சாகிறான் என்று. வாக்குக் கொடுத்துவிட்டோமே. வாயை மூடிக்கொண்டு தட்டுகளைப் பொறுக்கினேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவள் இல்லாத நேரம் பார்த்து அவர் எங்களிடம் பழகினார். "பெ..." என்பார். கோவில்பட்டி நிற்கும், சாத்தான்குளம் நிற்கும். மூச்சை விட்டுவிட்டு மறுபடியும் "பெ..." என்பார். பாடினால் வரும் என்றார் அண்ணாச்சி, பாடிப் பார்த்தார், வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டால் வரும் என்றேன் நான், அதுவும் நடக்கவில்லை. எங்கள் தெருவில் விஷயம் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று, அவர் பழகும்போது என் கடை வாசலில் பத்துப் பேர் கூடி நிற்பார்கள், டீ மாஸ்டர் தோளில் துண்டோடு நிற்பார், அந்தப் பேர் என்னவென்று அத்தனை பேருக்கும் தெரியும், ஒருத்தராவது முணுமுணுத்தது கிடையாது. அந்தப் பேரை அவருக்கு முன்னால் தாங்கள் சொல்லிவிடக் கூடாது என்று தெருவே வாயைக் கட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் தோற்றுப்போய், "அ... அடுத்த வாரம் பாப்போம்" என்பார், கூட்டம் சத்தமில்லாமல் கலையும்.

அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று மாதா திருவிழாவும் வந்து போயிற்று.

அவள் கிளம்பிய சனிக்கிழமை நான் கடையில் ஒரு வேலையும் பார்க்கவில்லை. வடசேரி பஸ் ஸ்டாண்டில் அப்பாவும் அம்மாவும் ஏற்றிவிடுவார்கள், அங்கிருந்து திருவனந்தபுரம், அங்கிருந்து விமானம். ஜன்னலுக்குக் கீழே நின்று சொல்லிவிடுகிறேன் என்று காலையிலேயே அருளப்பன் சொல்லியிருந்தார். போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், மத்தியானம் குரூப்பில் ஒரு சேதி வந்தது, மாசக்கணக்கில் ஆள் யாரும் தட்டாத குரூப்பில்.

"முடியல. ஜன்னலைப் பிடிச்சுக்கிட்டே ஓடினேன். என்னப்பா என்னப்பான்னு கேட்டா. வண்டி போயிட்டு."

அண்ணாச்சி உடனே பதில் எழுத ஆரம்பித்துவிட்டார், ஆறுதல் எழுதுவார், நீளமாக எழுதுவார், நன்றாகவும் எழுதுவார், நானும் எழுதுவேன், எழுதி எழுதி இந்த மனுசனை ஆற்றித் தேற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுவோம், அவரும் தேறிவிடுவார், அந்தப் பெண் அப்பாவுக்குத் தன் பேர் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டே கடல் தாண்டிப் போய்விடுவாள். எழுதாமல் அழைப்பை அழுத்தினேன். அருளப்பன் எடுத்தார், அண்ணாச்சி எடுத்தார், பெர்பெத்துவாவின் நம்பரையும் அதே அழைப்பில் சேர்த்தேன்.

"அத்தை? என்ன, எல்லாரும் இருக்கீங்களா?" என்றாள். பின்னால் பஸ் இரைச்சல். மார்த்தாண்டம் பாலம் வந்துவிட்டது என்றாள்.

"ஒ... ஒங்க அப்பா பேசணுமாம்" என்றேன். அதைச் சொல்லி முடிக்கிறதுக்குள் பஸ் ஒரு தடவை நின்று கிளம்பியது.

"பெ..." என்றார் அருளப்பன்.

பாலத்தின் நடுவில் பஸ் நின்றது. பின்னால் வந்த லாரி நின்றது. எங்கள் தெருவில் எல்லாம் நின்றது, கடையை விட்டுவிட்டு ஆட்கள் என் வாசலுக்கு வந்தார்கள். போனில் பஸ்காரர்கள் சத்தம் கேட்டது. "என்னாச்சு டிரைவரே?" "வண்டி அணையல்ல, ஆனா நகரமாட்டேங்குது." அவர் மூச்சு வாங்கினார். "பெ..." மறுபடியும். அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒரு சொல் எடுத்துக் கொடுத்திருந்தால் முடிந்துபோயிருக்கும், வாழ்நாள் முழுக்க எடுத்துக் கொடுத்தவள், விமானத்துக்கு நேரமாகிறது, சுற்றிலும் ஆட்கள் சத்தம் போடுகிறார்கள், அப்பா எதைச் சொல்ல வருகிறார் என்று அந்த ஒரு எழுத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது, அவள் மூச்சு மாறியதை நான் கேட்டேன். இருந்தும் வாயைத் திறக்கவில்லை. "எங்கப்பா பேசுதாரு, கொஞ்சம் சத்தம் போடாதீங்க" என்று மட்டும் பஸ்ஸுக்குள் யாரிடமோ சொன்னாள். பஸ் அடங்கிப்போயிற்று.

எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள், கடிகாரமும் நின்றுதான் இருந்தது. டீ மாஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். தங்கப்பழம் அண்ணாச்சி போனில் விசும்பிக்கொண்டிருந்தார். அருளப்பனின் தொண்டையில் அந்த எழுத்து முட்டியது, பின்வாங்கியது, திரும்பவும் முட்டியது.

"பெ... பெர்... பெத்துவா."

பஸ் நகர்ந்தது. எங்கள் தெருவில் விசிறிகள் சுற்ற ஆரம்பித்தன.

"என்னப்பா?" என்றாள் அவள். குரல் உடைந்திருந்தது.

"ஒ... ஒண்ணுமில்ல மக்களே. சும்மா விளிச்சேன்."

அவள் அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை, இரண்டும்தான் என்று நினைக்கிறேன். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "இன்னும் ஒருக்கா விளிங்கப்பா."

அருளப்பன் மூச்சை இழுத்தார். அதற்குள் பஸ்ஸில் ஒரு கனத்த குரல் கேட்டது, டிரைவராகத்தான் இருக்க வேண்டும், "இரு மக்களே, பாலத்தைத் தாண்டி ஓரமா நிறுத்திக்கிடுதேன், பொறவு அவரு நிதானமா விளிக்கட்டும்" என்றார்.